ஒருவருக்கு மட்டும் இடம்

"ஓ குரூப்பும் சேரலைங்க. இது பம்பாய் குரூப், அதே குரூப் ரத்தம்தான் சேருமுங்க."

ரத்த வங்கி ஆய்வகத்துக் கோகிலா சத்யராஜிடம் சொன்னாள். இண்டூரிலிருந்து பிரசவத்துக்கு வந்த அவன் மனைவி சுகுணா, பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் இழந்துகொண்டிருந்தாள்.

அந்த அபூர்வ ரத்தம் யாரிடம் இருக்கிறது என்பது, தர்மபுரியின் அந்தச் சிறிய ரத்த வங்கியின் சர்வருக்குத் தெரியும். கொடையாளர் விலாசத்தை அட்மின் மட்டுமே பார்க்கலாம். அட்மின்தான் இல்லை!

காலையில், வேலையை விட்டுப்போன ரஞ்சித்குமாரின் பெயரை நீக்கச் சொன்னார் மேலாளர். வங்கியின் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சந்தியா நீக்கினாள். இருந்த ஒரே அட்மின் அவன்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

"ஏண்டி, ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி சாவிய வாங்க மாட்டீங்களா?" கோகிலா எகிறினாள்.

"அப்புறமா திட்டுக்கா. ஒரு வழி இருக்குது."

டேட்டாபேஸை நிறுத்தி, ஒரே ஒருவரை மட்டும் அனுமதிக்கும் நிலையில் எழுப்பினால், அது ஓடும் சர்வர் கம்ப்யூட்டரை ஆள்பவரை அட்மினாகவே உள்ளே விடும். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு சந்தியாவிடம் இருந்தது.

நிறுத்தினாள். எழுப்பினாள். நுழையப் பார்த்தாள்.

'ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்றது திரை.

மறுபடி முயன்றாள். அதே பதில். யார் அது?

கோகிலா கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தாள். "ஏ சந்தியா... எல்லாக் கம்ப்யூட்டரும் செத்துக் கெடக்குது. ஹால் டிவி மட்டும் எப்புடி ஓடுது?"

ரத்தக் கையிருப்பைக் காட்டும் டிவி! ஓயாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருப்பது. இருந்த ஒரே இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சந்தியா டிவிக்குப் போகும் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். மறுபடி எழுப்பினாள்.

திறந்தது.

இரண்டே கட்டளைகள். மனிதர் யாருக்கும் மசியாத அந்தப் பெட்டி, அவளை அட்மினாக ஏற்றுக்கொண்டது. தேடச் சொன்னாள். மாவட்டமே அடங்கிய அத்தனை பெயர்களையும் புரட்டி, ஒரே ஒரு வரியைக் காட்டியது.

மாது, வத்தல்மலை.

போனை ஸ்பீக்கரில் போட்டாள் கோகிலா.

"பம்பாய் ரத்தங்களா? இந்தப் பக்கத்துல என்னத் தவிர யாருக்குமே இல்லன்னு இல்ல நெனச்சிருந்தேன்!" மறுமுனையில் பைக் உறுமியது. "தோ, மலையெறங்கறேனுங்க."

மாது வந்தார். கண்ணாடித் தட்டில் இரண்டு ரத்தங்களையும் கலந்து குனிந்தாள் கோகிலா. காலையிலிருந்து எதைச் சேர்த்தாலும் திரிந்துபோன சுகுணாவின் ரத்தம், இம்முறை அசையாமல், தெளிவாக, ஒன்றாகிக் கிடந்தது.

கோகிலா சந்தியாவின் பக்கம் திரும்பினாள்.

"சேருதுடி!"