மூன்று எண்ணும் வரை

நாடகக் கம்பெனியில் என் வேலை, பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடி எடுத்துக் கொடுப்பது. யாராவது பேசாமல் நின்றால் மனசுக்குள் மூன்று எண்ண வேண்டும். மூன்றுக்குள் பேசிவிட்டால் அது நடிப்பு. தாண்டினால் மறதி, உடனே கிசுகிசுத்துவிட வேண்டும். முப்பது வருஷம் கிசுகிசுத்ததில் எனக்கு 'எலி' என்றே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை என் பெண்டாட்டியே மறந்துவிட்டாள். அவளுக்கு எடுத்துக் கொடுக்க நான் போகவில்லை.

எங்கள் கதாநாயகிக்கு ஊர் வைத்த பெயர் 'கண்ணீர்த்தொட்டி'. அக்கா அழ ஆரம்பித்தால் முதல் வரிசைக்காரர்கள் குடை விரிப்பார்கள். ஒரு தடவை மேடைப் பலகை ஊறி உப்பிப்போய், தச்சர் வந்து இழைத்துவிட்டுப் போனார். பிறகு சினிமா. அதில் அம்மாவாக நாற்பத்து மூன்று முறை செத்தார். பென்ஷனுக்காக உயிரோடிருக்கும் சான்றிதழ் வாங்கப் போனால் குமாஸ்தா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். "நேத்துத்தானேம்மா டி.வி.யில பாத்தேன், நீங்க போயிட்டீங்களே!"

நாற்பத்து மூன்று படத்துப் பிள்ளைகளுக்கும் அக்கா சோறு ஊட்டினார். சொந்த மகள் விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தாள். கல்யாணமாகித் தூர தேசம் போனவள், பதினொரு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நான்கு நாற்காலிகள். மூன்றில் கடை பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

ஒரு நாள் போன் வந்தது.

"எலி, அவ வர்றா. ஞாயித்துக்கிழமை. விமானம் மாறுற நடுவுல ஒரு மணி நேரம்."

"நல்லதுதானேக்கா."

"என்னத்த நல்லது? எழுதிக் குடுக்காம நான் என்னிக்குய்யா பேசியிருக்கேன்? ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்து பீரோவுக்குப் பின்னாடி உக்காரு."

"இந்த வயசுல அங்க உக்காந்தா தூக்க கிரேன் வேணுங்க்கா."

"வரவழைச்சுக்கலாம். நீ வா."

மகள் வந்தாள். அக்கா ஒரு நாற்காலிக்கு உறையைப் பிரித்துவிட்டிருந்தார். முதல் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பயணம் எப்படி, பிள்ளைகள் எப்படி, உடம்பு இளைத்துவிட்டதே. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அப்போது மகள், நான் எழுதாத ஒன்றைக் கேட்டாள்.

"விடுதியில இருக்கறப்ப பதினேழு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேனே, ஏம்மா வரல?"

பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா வாயைத் திறந்தார், மூடினார். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கை மட்டும் மேஜைமேல் மெல்ல மகளின் கைப் பக்கம் நகர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"காப்பி சாப்பிடறியா கண்ணு?"

மகள் பீரோவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"எலி மாமாவா?"

"ஆமாம்மா. சௌக்கியமா?"

"இப்பவும் நீங்கதான் சொல்லிக் குடுக்கணுமா இவங்களுக்கு?"

பையை எடுத்துக்கொண்டாள். இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நாலு எண்ணியிருந்தா அவ கையப் பிடிச்சிருப்பேன்யா" என்றார். பிறகு அந்த நாற்காலிக்கு மறுபடியும் உறையைப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். போன் அடித்தது. போனைக் காதில் வைத்துப் பழக்கமில்லாததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"எலி மாமா இருக்காரா பக்கத்துல?"

"இருக்காரு. வாயத் திறக்க மாட்டாரு."

"சரி. அன்னிக்கு ஒண்ணு கேட்டேனே."

அக்கா உறை போட்ட நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். நான் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்று போயிற்று. முப்பது போயிற்று. நானூற்றுப் பன்னிரண்டில் எனக்குக் கணக்குத் தவறிவிட்டது.

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.