யாருக்கும் காட்டாதீர்கள்

குட்டி போனை மேசைமேல் வைத்து, இரண்டு கையாலும் அணை கட்டினாற்போல் மறைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமிருந்து மறைக்கிறாள் என்று அண்ணிக்குப் புரியவில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவர்கள் இருவரையும் தவிர லென்ஸ் தேய்க்கும் இயந்திரமும், திருகாணி டப்பாக்களும், கால் ஒடிந்து பழுதுபார்க்க வந்த கண்ணாடிகளும்தான் இருந்தன. சாப்பாட்டு வேளை. முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். யாராவது வந்தால் முன்கதவில் மணி அடிக்கும்.

"உங்களைச் சுற்றி யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்னு போட்டிருக்கு" என்றாள் குட்டி.

"அப்ப நான் வெளியில போய் நிக்கட்டுமா?"

"நீங்க எங்க அண்ணி போவீங்க? போனே உங்களோடதுதானே."

குட்டி அண்ணியுடைய கணவனின் தங்கை. குடும்பத்திலேயே உயரமானவள், முப்பதைத் தாண்டியவள். ஆனாலும் பிறந்த அன்று யாரோ கொஞ்சிக் கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு மரமும் பாறையும் இடிந்த சுவரும் வரைந்து கொடுப்பது அவள் தொழில். சுவரை இடிந்தது போல வரைவதற்குக் கூடவா சம்பளம் தருவார்கள் என்று அண்ணி முதலில் ஆச்சரியப்பட்டாள். இப்போது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புது வேலை கொடுத்திருந்தது. அதற்கான பணத்தை கிரிப்டோவாக வாங்கிக்கொள்ளலாம் என்றும், பேங்க் எதுவும் வேண்டாம், போனில் சொந்தமாக ஒரு வாலட் ஆப் தொடங்கினால் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதைத் தொடங்கத்தான் குட்டி அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வரிசையாக நின்றன. தமிழில் சொன்னால் வெங்காயம், ஏணி, மாமா, ஆடு என்று போயின. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ தூக்கத்தில் உளறியது மாதிரி இருந்தது. அண்ணி பக்கத்தில் கிடந்த லென்ஸ் உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினாள். ஒரு எழுத்துகூட மாறக்கூடாது, வரிசையும் மாறக்கூடாது என்று குட்டி விரலை வைத்துச் சரிபார்த்தாள்.

"மறந்துட்டா? 'கடவுச்சொல் மறந்துவிட்டதா'ன்னு ஒரு பட்டன் இருக்குமே" என்றாள் அண்ணி.

"இதுல இல்ல."

"சரி, யாருக்குப் போன் பண்ணிக் கேக்கணும்?"

"யாருக்கும் இல்ல அண்ணி. கேக்குறதுக்கு ஆளே கிடையாது. இந்த வார்த்தை இருந்தா பணம் இருக்கு. இல்லன்னா இல்ல."

"அப்ப பணம் போனுக்குள்ளதானே இருக்கு?"

"போன்ல இல்ல. போன் உடைஞ்சாக்கூட, இன்னொரு போன்ல இந்த வார்த்தையைப் போட்டா வந்துடும்."

"பின்ன எங்கதான் இருக்கு?"

குட்டி கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் பாக்குற மாதிரி ஒரு பெரிய கணக்கு. உலகம் பூரா அதுக்குக் காப்பி இருக்கு. அதுல நமக்குன்னு ஒரு வரி. அந்த வரியைத் திறக்குற சாவி மட்டும் நம்மகிட்ட." சொல்லி முடித்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "அப்படித்தான் நானும் புரிஞ்சு வச்சிருக்கேன்."

அண்ணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிற பணம், ஆனால் யாருக்கும் தெரியாத பணம். கண்ணாடி போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறவள். இப்போது தானே அப்படித் துழாவுவது போலிருந்தது. ஆப் அவர்களுக்குப் பரீட்சை வைத்தது. மூன்றாவது வார்த்தை எது, எட்டாவது எது. உறையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்கள். தேறியதும் திரையில் ஒரு பச்சை டிக் வந்தது. குட்டி பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அண்ணி கேட்டாள். "உன் போன் இருக்கும்போது எதுக்கு என் போன்ல?"

"அவர் என் போனை நோண்டுறவர் இல்ல அண்ணி. ஆனா கையில எடுப்பார். எடுத்தா, இது என்னன்னு கேப்பார். பேங்க்ல வந்தாலும் அவர் நம்பருக்குத்தான் மெசேஜ் போகும்."

அவர் என்றது குட்டியின் கணவர். குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை. யார் வீடு மாறினாலும் முதல் ஆளாக வந்து அலமாரி தூக்குவார். ஆஸ்பத்திரி என்றால் வண்டியோடு வாசலில் நிற்பார். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"அடிக்கிறாரா?"

"சேச்சே."

"வேற ஏதாவது பழக்கம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"பின்ன எதுக்குடி இந்த ஒளிவு மறைவு?"

குட்டி மேசையில் கிடந்த ஒரு திருகாணியை விரல் நுனியில் ஒட்டவைத்து எடுத்தாள். "எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்னு தோணுது. எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல. தெரிஞ்சிருந்தா அவர்கிட்டயே சொல்லியிருப்பேன்ல."

மணி அடித்தது. முன்னால் யாரோ வெயில் கண்ணாடி கேட்டு வந்திருந்தார்கள். அவள் எழுந்து போய்த் திரும்புவதற்குள் குட்டி பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டிருந்தாள். உறை மேசைமேல் இருந்தது.

அன்றிலிருந்து அண்ணிக்கு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட கதைதான். உறையைக் கைப்பையில் வைத்தாள். பஸ்ஸில் பையை யாராவது அறுத்துவிட்டால் என்ற பயத்தில் வீட்டில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். கணவன் எதையாவது தேடி அலமாரியைக் குடைவான் என்று அங்கிருந்து எடுத்து, பழைய தையல் மெஷினின் மூடிக்குள் செருகினாள். ஆப்பைத் திறந்து பார்ப்பதில்லை என்றுதான் முதலில் இருந்தாள். கம்பெனிக்காரர்கள் முதலில் வெள்ளோட்டமாகக் கொஞ்சம் அனுப்பினார்கள். வந்து சேர்ந்ததை அவள் குட்டிக்குச் சொன்னாள். பிறகு மீதியும் தவணை தவணையாக வரத் தொடங்கியது. அதன்பின் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் பார்த்தால் தொகை குறைந்திருந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைக்கு வெளியே வந்து குட்டிக்குப் போன் போட்டாள்.

"சத்தியமா நான் எதையும் தொடல. திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்."

"அது அப்படித்தான் அண்ணி, விலை ஏறும், இறங்கும். நாளைக்குப் பாருங்க."

மறுநாள் ஏறியிருந்தது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தொடாத பொருள் தானாகக் கூடுவதும் குறைவதுமாக இருந்தால், தொட்டவள் யார், தொடாதவள் யார் என்று நாளைக்கு எதை வைத்துச் சொல்வது?

கணவனுக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்கும் மெஷின் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக்குப் படம் எடுத்து அனுப்ப அவள் போனை வாங்கினான். குனிந்து எடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"பணம் வந்து சேர்ந்ததுன்னு வருதே. யாருக்கு வந்தது?"

அவள் திருதிருவென விழித்தாள். குட்டியின் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. இவனிடம் சொன்னால் குட்டியின் வீட்டுக்குப் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகாது. இவனும் மாப்பிள்ளையும் அப்படிப்பட்ட சினேகிதம். "என்னோடதுதான்" என்றாள்.

"உன்னோடதா?"

"கடையில ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தா. சும்மா போட்டுப் பார்த்தேன்."

அவன் முதலில் சிரித்தான். "சிறுவாட்டுப் பணமா? அந்தக் காலத்துல டப்பாவுல போட்டு வைப்பாங்க. இப்ப இப்படியா?" பிறகு தொகையைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. மெஷினுக்கு அடியிலிருந்து தண்ணீர் பரவி அவன் பாதத்தைத் தொட்டது, அவன் நகரவில்லை.

அவன் கத்தியிருந்தால் தேவலை. அன்று சாயங்காலம் தன் போனை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சம்பளம் வரும் கணக்கு, வீட்டுக்கடன் போகும் கணக்கு, பிள்ளைகள் படிப்புக்கு ஒதுக்கியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். "உனக்குத் தெரியாம எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நீ பார்க்கணும்னுதான்" என்றான். அவள் பார்த்தாள். எண்கள் கலங்கித் தெரிந்தன. அன்றிலிருந்து அவன் அவளிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தான். கடைக்குப் போகும்போது "ஏதாவது வேணுமா" என்று கேட்டான், வந்ததும் மீதிச் சில்லறையை மேசைமேல் வைத்தான். பல வருஷம் கூட வாழ்ந்தவன் விருந்தாளி மாதிரி நடந்தால் அதை என்னவென்று சொல்லிச் சண்டை போடுவது?

குட்டியிடம் போனில் சொல்லிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடவா என்றாள். கொஞ்ச நாள் பொறுங்க அண்ணி என்றாள் குட்டி. அப்புறம் குட்டி போன் எடுப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடைக்கே வந்தார்கள். குட்டிக்குக் கொஞ்ச நாளாகத் தலைவலி, கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. வண்டி நிறுத்த இடம் தேடி அவர் மறுபடி வெளியே போனார். அன்று டாக்டர் வரும் நாள். டாக்டர் பார்ப்பதற்கு முன் கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து விட வேண்டும். அது அண்ணியின் வேலை. குட்டியை நாற்காலியில் சாய்த்து, இமையை விலக்கிச் சொட்டு விட்டாள்.

"கண்ணை மூடிக்கோ. கொஞ்ச நேரத்துக்குக் கிட்டத்துல இருக்குறது எதுவும் தெரியாது."

குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் மருந்து வழிந்தது. அண்ணி பஞ்சால் ஒற்றினாள்.

"உங்க அண்ணன் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்த உறையை உன்கிட்டயே கொடுத்துடறேன்."

"வேணாம் அண்ணி."

"அப்ப கிழிச்சுப் போட்டுடவா?"

"அதுவும் வேணாம்."

"ஆப்பையாவது எடுத்துடறேனே. எடுத்தா பணம் போயிடுமா?"

"போகாது. வார்த்தை இருக்குற வரைக்கும் இருக்கும்."

"உனக்கு என்னதான் வேணும் குட்டி?"

குட்டி மூடிய கண்ணோடு முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். என்னவோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் மணி அடித்தது.

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அலமாரியில் இருந்த பிரேம்களைப் பார்த்தார். ஒன்றைப் போட்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு கவுன்டரில் முழங்கையை ஊன்றி, சொந்தக்காரர்களிடம் பேசுகிற சகஜத்தோடு சிரித்தார்.

"ஏம்மா, கிரிப்டோ எல்லாம் பண்றியாமே? உன் வீட்டுக்காரன் நேத்து புலம்பித் தள்ளிட்டான். நான்தான் சொன்னேன், அவ கெட்டிக்காரி, நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கன்னு."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பரிசோதனை அறையின் திரைச்சீலை பாதி திறந்திருந்தது. நாற்காலியில் குட்டியின் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

"அதெல்லாம் சும்மாண்ணா. ஒண்ணும் பெருசா இல்ல."

"எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் கொடும்மா. டாக்டர் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்." போனைக் கவுன்டரில் வைத்தார். "எதுல தொடங்கணும்?"

எப்படி மாட்டேன் என்பது? அவள் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். ஆப் இறங்கியது. புது வாலட் என்று போட்டார். ஏதேதோ கேட்டது, எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில் அந்தத் திரை வந்தது.

"இப்ப பன்னிரண்டு வார்த்தை வரும்ணா. அதை எழுதி வச்சுக்கணும். யாருக்கும் காட்டக்கூடாது."

"இவகிட்டகூடவா?" என்று தலையைச் சாய்த்துத் திரைச்சீலைப் பக்கம் காட்டினார்.

"யாருக்கும்னுதான் போட்டிருக்கு."

மாப்பிள்ளை கடகடவென்று சிரித்தார். "நல்லா இருக்கே. வீட்டுல எல்லாத்தையும் எழுதி வைக்கிறதே அவதான். என் கையெழுத்து எனக்கே புரியாது." போனையும் பில் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் குட்டியின் கையில் கொடுத்தார். "குட்டி, இதை அப்படியே எழுதிக்கோ. உன்கிட்டயே இருக்கட்டும்."

குட்டி கண்ணைத் திறந்தாள். கண்மணிகள் கறுத்து அகன்றிருந்தன. போனைக் கிட்டத்தில் கொண்டுவந்தாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தாள்.

"ஒண்ணும் தெரியலங்க. மருந்து விட்டிருக்காங்க." அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணி எழுதட்டும்."

கவுன்டரில் அண்ணியின் முன்னால் தாள் வந்தது. அவர் போனை எட்டத்தில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பது போல முதல் வார்த்தையைச் சத்தமாகப் படித்தார். வெயில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாச் சொல்லுங்கண்ணா."

"நம்ம ஆளுங்கதானேம்மா" என்றவர், அடுத்ததையும் அதே குரலில் படித்தார்.

அண்ணி எழுதினாள். மூன்றாவதையும் நான்காவதையும் எழுதினாள். இந்தத் தாளை யாரிடம் கொடுப்பது, இதையும் தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்குமா, வீட்டில் இருக்கிற உறைக்கும் இதற்கும் இனி என்ன உறவு என்று எதையும் அவளால் யோசிக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். குட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரிந்த கண்களால் வெளிச்சம் வருகிற தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கூசியிருக்க வேண்டும், மூடவில்லை. உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. அவர் படிப்பதைத் திருப்பிச் சொல்கிறாளா, வேறு எதையாவது சொல்லிக்கொள்கிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

"ஆச்சா?" என்றார் மாப்பிள்ளை. "அடுத்தது சொல்லட்டுமா?"