இலை ஊறிய சாராயம்

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் கையிலிருந்து குப்பியை டூஃபி பிடுங்கிவிட்டாள். சாவுக்குக் கறுப்பும் சிவப்புமாக உடுத்தி வந்திருந்த பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அத்தை அஃப்ராகோமா எழுந்து வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து, அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கண்ணன் சாவுல என்னடி கூத்து இது?"

"அதை யாரும் குடிக்கக் கூடாது அத்தே. அப்பா செத்ததே அதனாலதான்."

"உன் குமாசி டவுன் ஆஸ்பத்திரி ஊசியாலதான் செத்தான்."

வந்தவர்களுக்கெல்லாம், நாட்டு வைத்தியரான அப்பாவின் படம் ஒட்டிய மருந்துக் குப்பியை அத்தை மகன் அச்சம்போங் கொடுத்துக்கொண்டிருந்தான். வைத்தியமும் சரக்கும் இனி அவனுக்குத்தான். இந்த ஊர் வழக்கில் ஆணின் சொத்து அக்கா தங்கை பிள்ளைக்குப் போகும். பெற்ற பிள்ளைகள் பெட்டி வாங்கித் தரவேண்டும், அவ்வளவே. டூஃபி வாங்கித் தந்த பெட்டிக்குக் கைப்பிடி சரியில்லை என்று அத்தை காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

ஒவ்வொரு குப்பியின் பின்புறமும் ஒரு காகிதம் இருந்தது. 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. நஞ்சு இல்லை.' கீழே டூஃபியின் கையெழுத்து.

இரண்டு வருஷத்துக்கு முன் மருந்துக் கொடியின் காயையும் இலையையும் கோணியில் கட்டி, அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே அப்பா கொண்டுவந்தார். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். "தண்ணியில கொதிக்க வைப்பேன், வேற என்ன?" என்றார். நிழலில் காயவைத்து, பொடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்துத் தனித்தனியாகச் சோதித்தாள். காயிலும் ஒன்றுமில்லை, இலையிலும் ஒன்றுமில்லை.

அந்த மருந்தை அவரும் தினம் குடித்தார். போன மாதம் அவள் அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது மஞ்சள் அப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஈரல் போய்விட்டது என்றார்கள். அங்கேயே இறந்தார். உடல் அடக்கத்துக்காகப் பிணவறையில் காத்திருந்த மூன்று வாரத்தில், வீட்டுப் பின்கட்டில் அவர் மருந்து போடும் டிரம்மை அவள் திறந்தாள். சாராய நெடி மூக்கைத் தாக்கியது. அப்பா சபையில் மூப்பர். குடித்துவிட்டு வந்தவனுக்குத் திருவிருந்து கூடாது என்று எழுந்து சொன்னவர். மகளிடமும் அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை. அதே மாதிரி சாராயத்தில் காயையும் இலையையும் தனித்தனியே ஊறவைத்து மறுபடி சோதித்தாள். காய் சுத்தம். இலையிலிருந்து, தண்ணீரில் இறங்காத நஞ்செல்லாம் இறங்கியிருந்தது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் மேல் பாதி, தன் மேல் பாதி. செய்து முடித்த மருந்தில் ஒரு குப்பி கேட்டு வாங்கியிருந்தால் போதும். அப்பாவை எப்படிச் சந்தேகப்படுவது என்று விட்டுவிட்டாள்.

அச்சம்போங் வந்து நின்றான். "உன் கையெழுத்துதானே? அப்ப பொய்யா எழுதின?"

"தப்பா எழுதிட்டேன் அத்தான்."

"தப்பு உன்னுது. சரக்கு என்னுது."

"பெட்டி குடுத்தாச்சில்ல, போய் உன் இடத்துல உக்காரு. நீ உங்கம்மா வழி, எங்க ரத்தம் இல்ல" என்றாள் அத்தை.

"அப்ப எல்லார் முன்னாலயும்தான் சொல்லணும். எதுல ஊற வெச்சார்னு."

"பாஸ்டர் உக்காந்திருக்கார். வாயைத் தெறந்த, உன்னையும் சேத்துப் புதைச்சிடுவேன்."

டூஃபி நேராகப் போய் மைக்கை எடுத்தாள். "எங்கப்பா இதைச் சாராயத்துல ஊற வெச்சார். தண்ணின்னு என்கிட்ட சொன்னார். நான் நம்பி எழுதிட்டேன். குடிக்காதீங்க. ஏற்கெனவே குடிச்சவங்க கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாருங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப்..." அச்சம்போங் ஒயரைப் பிடுங்கினான்.

பாஸ்டர் வேதத்தை மூடிக்கொண்டு எழுந்தார். சபைப் பெண்கள் பின்னாலேயே போனார்கள். குப்பிகள் நாற்காலிக்கு அடியில் கிடந்தன.

"அப்பனைக் கொன்னது போதலையா? பேரையும் கொன்னுட்ட" என்றாள் அத்தை.

"நீயும் குடிச்சியா அத்தே?"

"வருஷக்கணக்கா குடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேன்." டூஃபியின் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

பெட்டியைத் தூக்க நாலு பேர்தான் மிஞ்சினார்கள். ஐந்தாவதாக டூஃபியும் பிடித்தாள். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள். முன்பக்கம் அத்தை தனியாக நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியின் பக்கக் கண்ணாடிக்குக் குனிந்து, ஒரு விரலால் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.