வளர்பிறை எலப்புள்ளிக்கு, தேய்பிறை போடிமெட்டுக்கு

மறையூருக்கு மேலே சாலையோரத்தில் லாரி நிறுத்தப்பட்ட அன்று அங்கே இருந்தவர்கள்: கல்பாத்தி ராமபத்ரனாகிய நான், என் மருமகள் ஸ்ரீலேகா, போடிமெட்டுப் பக்கத்து ஏலக்காய் விவசாயி ஆனந்தி, அவளுடைய அப்பா நல்லதம்பி, லாரி ஓட்டிய சூசையப்பன், தீயணைப்பு வண்டியில் வந்த அதிகாரியும் அவருடைய ஆட்களும். சாயங்காலம் எலப்புள்ளியிலிருந்து கிட்டுச்சாமி தம் ஊர்க்காரர்களோடு வந்து சேர்ந்தார். வழியில் போனவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அங்கே இல்லை.

முதலில் கூட்டமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீலேகா வேலை பார்க்கும் நிறுவனம் விவசாயிகளைச் சொந்தத் தொழில் நடத்துகிறவர்களாக ஆக்குவதற்காக ஏற்பட்டது. விளைந்ததை விளைந்தபடியே வியாபாரியிடம் போட்டுவிட்டு வராமல், உலர்த்தி, தரம் பிரித்து, சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. எலப்புள்ளித் தென்னை விவசாயிகளையும் போடிமெட்டு ஏலக்காய் விவசாயிகளையும் ஒன்றாகச் சேர்த்தால், ஒருவர் சரக்கை மற்றவர் ஊரில் விற்கலாம், ஒரே இயந்திரத்தை இருவரும் பயன்படுத்தலாம் என்று அவள் சொன்னாள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலைத்தொடரும், ஒரு காடும், தமிழ்நாட்டில் கொஞ்சமும் கிடப்பதை நான் எடுத்துச் சொன்னேன். கூட்டமைப்பு மனசில் இருந்தால் போதும் என்றாள்.

என்னைத் தலைவராக்கினார்கள். கிட்டுச்சாமியின் தாத்தா எலப்புள்ளியில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகு அந்த நிலம் அவர்களுடையதாயிற்று. முறைப்படி நடந்தது, எங்களுக்கு அதில் வருத்தமில்லை. இப்போது எனக்கு விளைநிலம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. ஆகவே நான் எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்று இரண்டு பக்கமும் நம்பின. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கை மாற்றுவதில்லை. மழை விட்ட உடனே வருவதாக என் தகப்பனார் ஒருவரிடம் சொல்லிவிட்டார். அந்த மழை நாலு நாள் பெய்தது. அத்தனை நேரமும் சட்டையைக் கழற்றாமல், குடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். குடைதான் இருக்கிறதே, மழையிலேயே போகலாமே என்று கேட்டவர்களுக்கு, வாக்கு அப்படியல்ல என்று பதில் சொன்னார்.

கூட்டமைப்புக்கு டிரையர் ஒன்று வந்தது. விறகு போட்டு எரிக்க அடியில் ஓர் அடுப்பு, மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள், உச்சியில் புகைக்குழாய். ஏலக்காயும் உலர்த்தலாம், கொப்பரையும் உலர்த்தலாம். அதை எங்கே வைப்பது என்று கேட்டதும் கூட்டமைப்பு இரண்டாயிற்று. போடிமெட்டுக்காரர்கள் தங்கள் ஊரில் வைக்கச் சொன்னார்கள். ஏலக்காய் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. எலப்புள்ளிக்காரர்கள் தங்கள் ஊரில் வைக்கச் சொன்னார்கள். ஏலக்காய்க்குப் பருவம் உண்டு, தேங்காய் வருஷம் முழுவதும் விழுகிறது. நான் நடுவில் வைக்கும்படி தீர்ப்புச் சொன்னேன். சாலையை அளந்து பார்த்ததில் நடு இடம் சின்னாறு காட்டுக்குள் விழுந்தது. வனத்துறையில் போய்க் கேட்டோம். அந்த இடத்தை யானைகள் ஏற்கெனவே பயன்படுத்திவருவதாகவும், அவற்றிடம் அவர்கள் பேச முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த கூட்டத்தில் கிட்டுச்சாமி எழுந்தார். என்னைக் குத்துவதற்காகவே எழுந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏனுங்க சாமி, அப்படின்னா மிசின லாரி மேல ஏத்தி, அங்கயும் இங்கயுமா ஓட்டிக்கிட்டே இருந்தரலாமுங்ளா?"

சபை சிரித்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னது பிரேரணை. அதை ஓட்டுக்கு விடுவது தலைவரின் கடமை. விட்டேன். தங்கள் பக்கத்துக்கு இயந்திரம் வராமலே போய்விடுமோ என்ற பயத்தில் இரு பக்கமும் கை தூக்கின. கிட்டுச்சாமியும் தூக்கினார், சொந்தப் பிரேரணையை எதிர்ப்பது அவருக்கும் அழகாகப் படவில்லை.

நாள் பிரிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். வளர்பிறை முழுவதும் இயந்திரம் எலப்புள்ளியில், தேய்பிறை முழுவதும் போடிமெட்டில். அமாவாசையன்று சூரியன் மறைவதற்குள் அது எலப்புள்ளி போய்ச் சேர வேண்டும். பௌர்ணமியன்று போடிமெட்டுக்குத் திரும்ப வேண்டும். நல்லதம்பி மட்டும் முணுமுணுத்தார். "எங்களுக்கு மட்டும் தேயுறதாக்கும்? வளர்றத எங்களுக்குத் தரப்பிடாதா?" சந்திரனைப் பற்றிய புகார்களைக் கூட்டமைப்பு ஏற்காது என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன். இயந்திரம் ஒரு பொழுதுகூட ஒரு பக்கம் கூடுதலாகத் தங்காது என்று என் குடும்பத்தின் பெயரைச் சொல்லி வாக்குக் கொடுத்தேன்.

சில மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எலப்புள்ளிக் கொப்பரையில் ஏலக்காய் வாசனை ஏறியது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் ஒரு மிட்டாய்க்கடைக்காரர் அந்தக் கொப்பரைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஏலக்காயில் கொப்பரை வாசனை ஏறாமலிருக்க ஆனந்தி ஒவ்வொரு முறையும் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஆனந்தி தேயிலை எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, ஒரு மலைச்சரிவைக் குத்தகைக்கு எடுத்து ஏலக்காய் பயிரிட்டிருந்தாள். சொந்தப் பெயரில் விற்கப் போகும் முதல் காய் அந்தக் கார்த்திகையில்தான் பறிப்புக்கு வந்தது. அது பச்சை நிறம் கெடாமல் உலர்ந்து வந்தால் மேற்கொண்டு செய்வாள். கெட்டுப்போனால் மறுபடி பாக்டரிக்கே போவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். எனக்கும் இது தெரியும்.

மழை விடவேயில்லை. பறிப்பு தள்ளிப் போய், அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் காய் டிரையருக்குள் ஏறியது. அது உலர்ந்து முடிய மறுநாள் சாயங்காலம் ஆகும். இயந்திரமோ மறுநாள் காலையில் புறப்பட வேண்டும். நல்லதம்பி ஒரே ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டார். முடியாது என்றேன். அவர் என்னிடம் மேலே பேசாமல் ஸ்ரீலேகாவிடம் போய்ப் பேசினார். காய் உள்ளே இருக்கட்டும், அடுப்பு எரியட்டும், லாரி புறப்படட்டும் என்று அவள் முடிவு சொன்னாள். எதைச் சொல்லி மறுப்பது என்று யோசித்தேன். அடுப்பு எரியக்கூடாது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

காலையில் பூப்பாறையில் ஓர் ஓடைக்கரையில் அமாவாசைத் தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு லாரியில் ஏறினேன். ஓடையில் தர்ப்பணம் செய்ததைப் பற்றியும் கல்பாத்தியில் பேச்சு நடந்தது. அது எனக்கும் என் முன்னோர்களுக்கும் இடையில் உள்ள விஷயம். நானும் ஸ்ரீலேகாவும் முன்னால் சூசையப்பனோடு உட்கார்ந்தோம். ஆனந்தியும் நல்லதம்பியும் பின்னால் டிரையர் பக்கத்தில் நின்றபடி விறகு போட்டுவந்தார்கள். மூணாறு வரை தொந்தரவில்லை. அதன் பிறகு காற்று மாறியது. புகைக்குழாயிலிருந்து வந்த புகை சாலையை அடைத்துக்கொண்டது.

"ஐயா, பின்னாடி வாரவன் பூரா ஆரன் அடிக்கான்," என்றார் சூசையப்பன். "ஒருத்தன் என்னடான்னா வண்டிய ஒட்டிக்கிட்டு வந்து, வண்டி எரியுது, குதிங்க, குதிங்கன்னு கத்துதான்."

எரிய வேண்டியதுதான் எரிகிறது என்று அவனுக்குப் பதில் சொல்லும்படி சூசையப்பனிடம் சொன்னேன். அவர் அப்படியே சொன்னார். அந்த ஆள் யாருக்கோ போன் செய்துவிட்டான் போலிருக்கிறது. மறையூருக்கு மேலே வளைவில் தீயணைப்பு வண்டி எங்களை முந்திக்கொண்டு போய் வழியை மறித்து நின்றது. ஆட்கள் குதித்துக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

பின்னாலிருந்து ஆனந்தியின் குரல் கேட்டது. "தண்ணி அடிச்சிராதீங்க. காஞ்ச காய் பாதி, காயாத காய் பாதி உள்ள கெடக்கு. நனஞ்சா அம்புட்டும் போச்சு."

நான் இறங்கிப் போனேன். அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர், மலையாளத்தில் பேசினார். வண்டியில் தீ இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எப்போது பிடித்தது என்றார். நேற்று சாயங்காலம் என்றேன். அணைக்க ஏன் முயலவில்லை என்றார். விறகு போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் என்னையும் என் அங்கவஸ்திரத்தையும் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஸ்ரீலேகா வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் டிரையரைச் சுற்றிவந்து, ஒரு தட்டை இழுத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. ஓடுகிற வண்டியில் எரிவது தீ, அதை அணைப்பது அவர் வேலை. நிற்கிற வண்டியில் எரிவது அடுப்பு, அதில் அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே வண்டி நின்றால் அடுப்பு எரியலாம். வண்டி நகர்ந்தால் தண்ணீர் அடிப்பார். எதைச் செய்வது என்று முடிவுசெய்துகொள்ளச் சொல்லிவிட்டு, குழாயைச் சுருட்டாமல் காத்திருந்தார்.

நின்றால் காய் பிழைக்கும், என் வாக்குப் போகும். நகர்ந்தால் காய் போகும். அமாவாசை, சூரியன் மறைவதற்குள் எலப்புள்ளி. நாங்கள் இருந்ததோ இன்னும் இடுக்கி மாவட்டத்து மண்ணில். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீலேகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, வாக்கு நீங்க மிஷினுக்குக் கொடுத்தேளா, மனுஷாளுக்குக் கொடுத்தேளா? எனக்கு மனசிலாகலை."

"எலப்புள்ளிக்காராளுக்குக் கொடுத்தேன்."

"அப்போ அவாகிட்டன்னா கேக்கணும்."

கேட்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் தவறப் போகிற வாக்கை, யாருக்குக் கொடுத்தோமோ அவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது முறைதான். லாரியை நிறுத்திவைக்கும்படி சூசையப்பனிடம் சொல்லிவிட்டு, கிட்டுச்சாமிக்குப் போன் போடச் சொன்னேன்.

"கிட்டுச்சாமி, ராமபத்ரன் பேசறேன். இன்னிக்கு மிஷின் வராது. காய் உள்ள இருக்கு, லாரி நிக்கறது. என் வாக்குத் தப்பறது. மத்தவா சொல்லி உங்களுக்குத் தெரியப்படாதுன்னு நானே சொல்றேன்."

அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் மட்டை விழுகிற ஓசை கேட்டது.

"உங்க ஊட்லயே வாக்குத் தப்புச்சுன்னா, அப்பறம் நாங்க யாரச் சொல்லி எங்க பசங்களத் திட்டறதுங்க?" என்றார் கிட்டுச்சாமி. "அங்கயே இருங்க சாமி. எங்கீயும் போயிராதீங்க."

எங்கே போவது? அடுப்புக்கு விறகு போட்டபடி இருந்தோம். சுற்றுலா வந்தவர்கள் இரண்டு பேர் புகையைப் பார்த்துக் காரை நிறுத்தி, சாப்பாடு தயாராக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள். தீயணைப்பு அதிகாரி, லாரி நகராமல் பார்த்துக்கொள்வதற்காகச் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து அதன் மேல் உட்கார்ந்தார். நல்லதம்பி அவரிடம் சந்திரனைப் பற்றிய தம் புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னாறு காட்டு வாசலை இரவுக்காக அடைப்பதற்கு முன்பே கிட்டுச்சாமி வந்துவிட்டார். ஒரு டெம்போ நிறைய உடைத்த தேங்காய். இன்னொரு ஜீப்பில் எலப்புள்ளி உறுப்பினர்கள். டெம்போவிலிருந்து இறக்கிய முதல் சாமான், கூட்டமைப்பின் எலப்புள்ளிக் கிளையின் பெயர்ப்பலகை. அலுவலகச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை லாரிக்குப் பக்கத்தில் மண்ணில் ஊன்றி நிறுத்தினார்.

"மிசின் எலப்புள்ளிக்கு வந்து சேரோணும், அவ்வளவுதானுங்களே? இந்தாங்க சாமி, எலப்புள்ளி."

நான் அவசரப்படவில்லை. பலகையைப் படித்தேன். உறுப்பினர்களை எண்ணினேன், கூட்டம் நடத்தத் தேவையானவர்கள் இருந்தார்கள். கிளையின் பலகையும் கிளையின் சபையும் எங்கே இருக்கின்றனவோ அதுவே கிளை. சூரியன் மலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் நின்றது. இயந்திரம் எலப்புள்ளி வந்து சேர்ந்ததாக அறிவித்தேன்.

"அப்பம் நாங்க இப்ப எலப்புள்ளியிலயா நிக்கோம்?" என்றார் நல்லதம்பி.

"ஆமாங்க. விருந்தாளிங்க நீங்க. உக்காருங்க, எளநி வெட்டறேன்," என்றார் கிட்டுச்சாமி.

ஆனந்தி மேல்தட்டை இழுத்தாள். காய் நிறம் மாறாமல் பச்சையாக இருந்தது. ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தாள். இரண்டாவது தட்டை இழுத்து அதிலும் ஒன்றைக் கடித்தாள். எல்லாத் தட்டிலும் கடித்துப் பார்த்த பிறகுதான், சாக்கைப் பிடிக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பதற்காகச் சூசையப்பனைத் திட்டினாள். காயை இறக்கியதும் தட்டுகளில் தேங்காய் ஏறியது. தீயணைப்பு அதிகாரி ஒரு படி ஏலக்காய் விலைக்குக் கேட்டார். அவர்தான் ஆனந்தி பெயரில் முதலில் வாங்கியவர். எலப்புள்ளிக்காரர்கள் தங்கள் ஊரில் விற்க மீதியைக் கொண்டுபோனார்கள். அவள் இதுவரை பாக்டரிக்குத் திரும்பவில்லை.

இயந்திரத்தை அங்கிருந்து நகர்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இப்போது மனமில்லை. அமாவாசைக்கு எலப்புள்ளிப் பலகையும் பௌர்ணமிக்குப் போடிமெட்டுப் பலகையும் மறையூர் சாலைக்கு வருகின்றன. ஸ்ரீலேகாவின் நிறுவனத்தார் பார்வையிட வந்து, இதுபோல் வேறெங்கும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தீயணைப்பு வண்டிக்கு முன்னால் நான் சாலையில் படுத்துக்கொண்டேன் என்று கல்பாத்தியிலும் எலப்புள்ளியிலும் ஒரு பேச்சு உலவுகிறது. நான் படுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.