கெர்பனின் கறுப்பு மிட்டாய்

தினமும் காலையில் கெர்பனை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறானா என்று ஹிங்கெ பார்ப்பாள். முப்பது வருஷமாக ஹார்லிங்கன் துறைமுகத்தில் தூக்குப் பாலத்தை இயக்குகிற மனுஷன், பெண்டாட்டி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

வேறென்ன செய்வாள், பாவம்? அவன் ரத்த அழுத்தம் நூற்றெண்பதை விட்டு இறங்குவேனா என்றது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. அவன் அப்பாவும் அண்ணனும் அறுபதைப் பார்க்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். இவனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

"உண்மையைச் சொல்லு. மாத்திரையைக் கால்வாயிலதானே வீசுற?"

"ஆமா, மீனுக்கெல்லாம் பிரஷர் கொறஞ்சிருக்கும், போய்ப் பாரு."

"சிரிப்பு வேறயா? நீ செத்துப்போனா நான் என்னடா பண்ணுவேன்?"

சூப்பில் உப்பை நிறுத்தினாள். பாலாடைக்கட்டியைக் காகிதம் மாதிரி சீவினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டே அவன் சிகரெட்டையும் விடவைத்துவிட்டாள். கை சட்டைப்பையைத் தேடும்போதெல்லாம் அதிமதுரச் சாறு போட்ட கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டுவாள். சனிக்கிழமைச் சந்தையில் வாரம் அரைக் கிலோ. அந்த ஊரில் பாதிரியார் முதல் பால்குடி மறந்த பிள்ளை வரை அதைத்தான் சப்புவார்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவமனையில் கேட்டால் மீன், ரொட்டி, பீர் என்று எல்லாம் சொல்வார்கள். மிட்டாயைப் போய் யார் சொல்வார்கள்?

மார்ச்சில் பாலத்துப் படியேறும்போது கெர்பனுக்கு மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. லேவார்டன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தச் சோதனைத் தாளோடு டாக்டரம்மா வந்தாள்.

"பொட்டாசியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. அதிமதுர மிட்டாய் சாப்பிடுவீங்களா?"

"அதை யாரு சாப்பிடல?" என்று ஹிங்கெ சிரித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அது அழுத்தத்தை ஏத்திவிடும்மா. நாங்க மாத்திரை குடுத்து இறக்க இறக்க, அது ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. இதயம் தடிச்சுப் போச்சு."

"இப்ப நிறுத்திட்டா பழையபடி ஆயிடுமா?"

"அழுத்தம் இறங்கும். இதயம் முழுசாத் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம்."

ஹிங்கெயின் முகத்தில் ஈயாடவில்லை. ஐயோ, என் கையாலேயா! கெர்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அவளுக்குத் தெரியாது டாக்டர். நான் திருட்டுத்தனமா வாங்கித் தின்னேன். மாத்திரையையும் பாதி நாள் துப்பிட்டேன்."

"பொய் சொல்றார் டாக்டர்," என்றாள் ஹிங்கெ. "ஒரு மாத்திரை விட்டதில்ல. மிட்டாய் வாரம் அரைக் கிலோ. ரெண்டு வருஷமா நான்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கெர்பனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"ஏன்டி சொன்ன? என்னைத் திட்டிக்கிட்டாவது இருந்திருப்ப. இனி உன்னையேல்ல திட்டிக்கிட்டுக் கெடப்ப!"