எழுபது கிராம்

லெம்பி சிஸ்டருக்குப் பொய் வராது. ஹைக்கோலா கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பாதிப் பேர் மெச்சிக்கொண்டும் பாதிப் பேர் வயிற்றெரிச்சலோடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் வந்து நிற்கிறவளிடம் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்ல மாட்டாள். சரியாகும் என்று தெரிந்தால்தான் சொல்வாள். போர்க்காலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் மயக்கமருந்துக் குப்பியோடு நின்றவள் அவள். அளவு ஒரு துளி தப்பினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். அப்புறம் பதினைந்து வருஷமாக இந்த வட்டாரத்துப் பிள்ளைகளையெல்லாம் நிறுத்து, அளந்து, எழுதி வைப்பதுதான் அவள் வேலை.

ஹில்யாவுக்கு ஆகஸ்டு மாதம் பெண் பிறந்தது. சிர்க்கா என்று பெயர் வைத்தார்கள். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாயைத் திறந்தால் அண்ணமும் இரண்டாகக் கிடந்தது. "மாசமா இருக்கும்போது முயலை உரிச்சிருக்கா, அதான் முயல் வாயோட பொறந்திருக்கு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசினவர்களின் வீட்டுக்கே போய், "நீங்களும்தான் பொழுதுக்கும் பன்னி உரிச்சீங்க, உங்க பிள்ளைங்களுக்கு என்ன மூக்கு நீண்டுடுச்சா" என்று லெம்பி கேட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அவள் காதுபட எழவில்லை.

வாயில் பிளவு இருக்கிற குழந்தைக்கு உறிஞ்ச வராது. முலையில் வைத்தால் வாயை அசைக்கும், காற்றுதான் உள்ளே போகும். போன நாலு சொட்டுப் பாலும் மூக்கு வழியே திரும்பி வரும். லெம்பி ஒரு கரண்டியின் ஓரத்தைக் குறட்டால் நெளித்து, பாலாடை போல மூக்கு வைத்துக் கொடுத்தாள். நிமிர்த்தி உட்காரவைத்து, சொட்டுச் சொட்டாக, கன்னத்தின் ஓரமாக விட வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு ஒன்றரை மணி நேரம். கடைசிச் சொட்டு இறங்குவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். குடிக்கிற சிரமத்திலேயே குடித்ததில் பாதி கரைந்துபோகும் என்பதுதான் கொடுமை. ஹில்யா பாலைப் பீய்ச்சிக் கரண்டியில் கொடுத்தாள், பிறகு பார்லிக் கஞ்சியை வடிகட்டிச் சேர்த்துக் கொடுத்தாள். புருஷன் ஆர்வோ மரம் வெட்டும் முகாமிலிருந்து சனிக்கிழமைதோறும் வருவான். வந்தவன் குழந்தையின் எடைக் குறிப்புகளைப் பார்த்துச் சிரிப்பான்.

"நம்ம மாடுங்களுக்குக்கூட இவ்வளவு கணக்கு பாத்ததில்ல. மகாராணி ஒவ்வொரு சொட்டுக்கும் கையெழுத்து கேக்குறா போல."

ஹெல்சிங்கி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரி கடைசியில் உதட்டைத் தைக்கலாம், ஆனால் குழந்தை ஐந்து கிலோ இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மயக்கமருந்து தாங்காது. அந்த வாரத் திங்கட்கிழமை எடை பார்த்துத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். அடுத்த இடம் மார்ச் கடைசியில்தான்.

லெம்பி வியாழக்கிழமைதோறும் ஏழு கிலோமீட்டர் பனிச்சறுக்குக் கட்டைகளில் தூக்குத் தராசோடு போய் வந்தாள். வேலை விதியில் அப்படியெல்லாம் இல்லை. அந்தப் பிஞ்சு, பிளந்த வாயோடு தன்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு வியாழக்கிழமை தள்ளிப் போவது பிடிக்கவில்லை. நாலாயிரத்து எழுநூறு, நாலாயிரத்து எண்ணூற்று முப்பது என்று எடை ஏறிக்கொண்டே வந்தது. திங்களுக்கு முந்தின வியாழன் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியது.

"திங்கட்கிழமைக்கு ஐயாயிரத்தத் தாண்டிடுவா" என்றாள் லெம்பி. சிஸ்டர் வாயால் அது வந்தால் கல்லில் வெட்டின மாதிரி. ஹில்யாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, காப்பியை இரண்டு தடவை ஊற்றினாள்.

குழந்தைக்குச் சட்டையை மாட்டும்போது லெம்பி குனிந்து மோந்து பார்த்தாள். மூக்கு வழியே வந்த பால் கழுத்து மடிப்பில் இறங்கிக் காய்ந்திருந்தது.

"கழுத்துல புளிச்ச வாடை அடிக்குது ஹில்யா. அங்க பெரிய டாக்டருங்க பாப்பாங்க. போறதுக்கு முன்னாடி நல்லா தேச்சுக் குளிப்பாட்டு, என்ன?"

"சரிங்க சிஸ்டர்" என்றாள் ஹில்யா, காதெல்லாம் சிவந்துபோய்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பின்னறையில் எடை பார்க்கும் நாள். ஹில்யா குழந்தையை ஆட்டுத்தோலில் சுற்றி, பனியில் தள்ளிச் செல்லும் சறுக்குவண்டியில் வைத்து, இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பி வந்து சேர்ந்திருந்தாள். போர்வையைப் பிரித்ததும் சோப்பு மணம் அறையெல்லாம் பரவியது. குழந்தை ரோஜா நிறத்தில், கழுத்து மடிப்பில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் கிடந்தது.

"பரவாயில்லையே, இன்னைக்கு மணக்குறாளே" என்று லெம்பி பாராட்டவும் செய்தாள்.

தராசில் கிடத்தினாள். எடைக் குண்டை நகர்த்தினாள். ஐயாயிரத்தில் நிற்கவில்லை. பின்னால் இழுத்தாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் முள் நேராக நின்றது. குழந்தையை எடுத்துவிட்டுத் தராசைச் சரிபார்த்து மறுபடி வைத்தாள். அதே முப்பது. தூக்குத் தராசிலும் தொங்கவிட்டுப் பார்த்தாள். அதிலும் முப்பதுதான்.

"எறங்கியிருக்கு" என்றாள் லெம்பி. "வயித்தால போச்சா?"

"இல்ல."

"வாந்தி?"

"இல்லைங்க சிஸ்டர்."

"ராத்திரிப் பால்?"

ஹில்யா தயங்கினாள். "நல்லா அசந்து தூங்கிட்டா. இந்த அஞ்சு மாசத்துல அவ அப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. எழுப்ப மனசு வரல."

லெம்பிக்குக் கோபம் சுருக்கென்று வந்தது. ஐந்து மாதம் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டுவிட்டுக் கடைசி ராத்திரி கோட்டை விட்டாளே என்று இருந்தது. ஆனால் இவளும் மனுஷிதானே, இவளும் எத்தனை ராத்திரி விழித்திருப்பாள் என்று எண்ணி அதை விழுங்கிக்கொண்டாள்.

"எழுபது கிராம்தானே சிஸ்டர்" என்றாள் ஹில்யா. "ஒரு முட்டை எடைதான். ஒரே ஒரு முட்டை. அஞ்சுன்னு எழுதிடுங்க. போற வழியெல்லாம் குடுத்துக்கிட்டே போறேன். ரயில்ல தூங்கவே மாட்டேன்."

"மயக்கமருந்த எடையப் பாத்துதான் அளப்பாங்க. நான் பொய் எழுதினா அவ தூங்கினவ எழுந்திரிக்காமப் போயிடலாம்."

"எழுதாட்டி மட்டும்?"

 லெம்பி தபால் நிலையத்துக்குப் போய்த் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். இடம் போயிற்று. திரும்பி வந்தபோது ஹில்யா குழந்தைக்கு ஒவ்வொரு உடுப்பாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு அடுக்கு. கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, "வர்றேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட லெம்பிக்குத் தேவலை போல இருந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஐயாயிரத்து நாற்பது. மூன்றே நாளில் நூற்றுப் பத்து கிராம். லெம்பி அதை எழுதினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் மரம் வெட்டும் முகாமிலிருந்து ஒரு சளிக்காய்ச்சல் ஊருக்குள் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் இருமின, எல்லாப் பிள்ளைகளும் தேறின. சிர்க்காவுக்கு மட்டும் இருமும்போது பால் தடம் மாறி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. லெம்பி இரண்டு நாள் அந்த வீட்டிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் குழந்தையின் மூச்சு நின்றது. அப்போது அவள் ஐந்து கிலோ நானூறு. ஹெல்சிங்கி நாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. உதட்டைத் தைத்திருந்தாலும் அண்ணம் திறந்துதான் இருந்திருக்கும், பால் அப்போதும் இறங்கியிருக்கலாம். லெம்பிக்கு அது தெரியும். தெரிந்து என்ன, அவளுக்கு அன்றைக்கு அடுப்பு மூட்டக் கை வரவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் அந்த வீட்டுக்குப் போனாள். இரவல் கொடுத்திருந்த துணிகளும் கரண்டியும் திரும்ப வர வேண்டும் என்பது சாக்கு. முற்றத்தில் ஆர்வோ விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாரியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான்.

"நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க சிஸ்டர். ஜனவரியிலேர்ந்து சவுனாவ மூட்டவே விட மாட்டேங்குறா. அந்தப் பக்கமே போறதில்ல. அடுப்படியில தொட்டியில நின்னு குளிக்கிறா, குழந்தையையும் கடைசி வரைக்கும் அதுலதான் குளிப்பாட்டினா. நான் வாராவாரம் பக்கத்து வீட்டுல போய் ஓசிக் குளியல் குளிக்கிறேன். பொண்டாட்டி வெரட்டிட்டாளான்னு கேக்குறானுங்க."

முற்றத்துக் கோடியில் அந்த மரக்கொட்டில் புகையில்லாமல் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் சவுனா புகையாத வீடு அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு கிடையாது. கல்லைக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றி அந்த ஆவியில் வேர்க்க உட்காராமல் அங்கே வாரம் முடியாது.

உள்ளே ஹில்யா காப்பி வைத்தாள். கரண்டியைக் கொதிக்கவைத்துத் துடைத்து, இஸ்திரி போட்ட துணியில் சுற்றி மேசைமேல் வைத்தாள். அப்புறம் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். மூணு மாசமா கேக்கணும்னு இருக்கேன். பயமா இருந்துச்சு. கேட்டா நீங்க உள்ளதச் சொல்லிடுவீங்க."

"கேளு."

"அன்னைக்குத் திங்கட்கிழமை எடை பாத்தோமில்ல. அதுக்கு முந்தின நாள் நான் சவுனா மூட்டினேன். ஞாயித்துக்கிழமை யாரும் மூட்ட மாட்டாங்க, தெரியும். கழுத்துல புளிச்ச வாடைன்னு நீங்க சொல்லியிருந்தீங்கல்ல. பெரிய டாக்டருங்க முன்னாடி அவ நாத்தமா இருக்கக் கூடாதுன்னுதான். சூடு கம்மியான கீழ்ப் பலகையில வெச்சு, நல்லா ஊற வெச்சுத் தேச்சேன். ரொம்ப நேரம். அவளுக்கு மூக்கு நுனியெல்லாம் வேர்த்துச்சு, பாக்க அழகா இருந்தா. அப்புறம் அசந்து தூங்கிட்டா." ஹில்யா நிறுத்தினாள். "வேர்த்தா குழந்தைக்கு எடை எறங்குமா சிஸ்டர்? எழுபது கிராம் எறங்குமா?"

லெம்பியின் கையில் கோப்பை இருந்தது. அதைத் தட்டில் வைக்கத் தோன்றவில்லை. சோப்பு மணமும் ரோஜா நிறக் கழுத்தும், தான் குனிந்து பாராட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எழுபது என்ன, நூறும் இறங்கும். வேர்வையில் கொஞ்சம், அசந்து தூங்கித் தவறவிட்ட பாலில் கொஞ்சம். தேய்த்துக் குளிப்பாட்டு என்று தானே சொல்லிவிட்டு, சவுனாவில் வைக்காதே என்று சொல்ல மறந்தவள் அவள். மறந்தது என்ன, நினைப்பிலேயே வரவில்லை. அந்த ஊரில் பிறந்தவளுக்குக் குளிப்பது என்றால் சவுனாதான், அதை ஒரு தனிக் காரியமாக யார் நினைத்துப் பார்ப்பார்கள்.

ஹில்யா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் லெம்பி. "எறங்காது."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட எறங்காது. பச்சக் குழந்தைங்களுக்கு அப்படியெல்லாம் வேர்க்கவே வேர்க்காது. அது ஆவி பட்ட ஈரம்தான்."

குரல் தடுமாறவில்லை. வாழ்நாளில் சொல்லிப் பழக்கமில்லாத ஒருத்திக்கு அது எப்படி அவ்வளவு நேராக வந்தது என்று ஆச்சரியம்தான். ஹில்யாவுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஹில்யா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். சவ அடக்கத்தன்றுகூட அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க, மூச்சு வாங்க வாங்க அழுதாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஜன்னலைத் திறந்து, "ஆர்வோ, சவுனாவ மூட்டு" என்றாள். அவன் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் விறகை அள்ளிக்கொண்டு ஓடினான்.

"குளிச்சிட்டுத்தான் போகணும் சிஸ்டர்."

லெம்பிக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. வெளிச்சம் போய்விடும், பனி உருகுகிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் சனிக்கிழமை சவுனாவுக்குக் கூப்பிட்டு வர மாட்டேன் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஹில்யா ஒரு கணம் நின்று யோசிப்பாள். அந்த ஒரு கணத்துக்குப் பயந்துதான் லெம்பி துண்டைக் கையில் வாங்கினாள்.

இரண்டு பேரும் மேல் பலகையில் அருகருகே உட்கார்ந்தார்கள். ஹில்யா அகப்பையால் கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினாள். ஆவி சீறிக்கொண்டு எழுந்து காதைச் சுட்டது.

"இந்தக் கீழ்ப் பலகையிலதான் வெச்சிருந்தேன்" என்றாள் ஹில்யா. கையை நீட்டிப் பலகையைத் தடவினாள். "அவளுக்கு எவ்வளவு பிடிச்சிருந்துச்சு தெரியுமா. காலை ஒதச்சுக்கிட்டே இருந்தா."

லெம்பி ம் என்றாள்.

"வேற யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சிருப்பேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அதான் உங்ககிட்ட கேட்டேன்."

லெம்பியின் நெற்றியிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வேர்வை வழிந்து, அந்தக் கீழ்ப் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை கிராம் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியும். அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.