ஜெரார்டின் ஜப்பான் பெட்டி

ஜெரார்டுக்கு வாய் மூடி இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் என்று பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் கேலி செய்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் பக்கவாதத்தில் விழுந்து வருஷம் ஒன்றாகப் போகிறது, ஒரு சொல் பேசவில்லை. இடக் கையும் இடக் காலும் போனது போனதுதான், ஆனால் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, பேச முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியும் என்றால் ஏன் பேசவில்லை? அவர் மனைவி கேதரினுக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி அவள் கேட்டது இவ்வளவுதான்: நடக்க வேண்டாம், சம்பாதிக்க வேண்டாம், ஒரு வார்த்தை பேசினால் போதும்.

கடைசியில் அவளுக்கு அந்த ஜப்பான் பெட்டி ஞாபகம் வந்தது. எழுபதுகளில் ஜெரார்டும் அவர் தம்பி கிளாரன்ஸும் 'பாடாங் மேஹா பாய்ஸ்' என்று ஒரு பேண்டு நடத்தினார்கள். ஜெரார்டின் கிதாரை அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியில்தான் மாட்டுவார்கள். வால்வு கிடையாது, முழுக்க டிரான்சிஸ்டர், பினாங்கில் பழசாக வாங்கியது. பெரிய பேண்டுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! தோட்டத்துக் கல்யாணத்தில் ஜெரார்ட் ஒரு கம்பியை இழுத்து விட்டால், தொண்டை கட்டியவன் அழுவதுபோல ஒரு கரகரப்பு எழும்பும் பாருங்கள், கிழவிகள்கூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடுவார்கள். அதைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்துத்தான் கேதரின் வீட்டில் சண்டை போட்டு அவரைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் புகுந்தது, பெட்டி மூழ்கியது. அதைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இந்த எண்பத்தாறில் கேதரின் அதை இழுத்துத் துடைத்து, கிளாரன்ஸின் மோட்டார்சைக்கிளில் கட்டி, கூலிம் டவுனில் ரேடியோ கடை வைத்திருந்த அழகேசனிடம் கொண்டுபோனாள்.

"உள்ள சர்க்யூட்டு பலகை பூரா துரு, அக்கா. இது இனிமே எந்திரிக்காதுலா" என்றான் அழகேசன். "ஆனா உள்ள எப்படிக் கட்டியிருக்கான்னு தெரியுது. அதே மாதிரி சின்னதா ஒரு பெடல் செஞ்சு தரேன். காலால அமுக்கினா புது ஸ்பீக்கர்ல பழைய சத்தம் வரும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அழகேசன் பெடலோடு வந்தான். கிளாரன்ஸ் கோயில் ஸ்பீக்கரை இரவல் வாங்கி வந்திருந்தான். ஜெரார்டின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கிதாரை மாட்டி, பெடலை மிதித்து வாசித்தான். சத்தம் வந்தது. ஆனால் குளித்துத் தலை வாரிப் பவுடர் போட்ட சத்தம். ஜெரார்ட் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அது இல்ல தம்பி" என்றாள் கேதரின் அழகேசனிடம்.

"அதே சாமான்தாங்க்கா. ஒண்ணுகூட விடல."

"விடாம செஞ்சு என்னா? இது அது இல்லங்கறேன்!"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. அண்ணாந்து பார்த்தாள். பட்டப்பகலில் யாரோ போட்டுவிட்ட பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. சட்டென்று அவளுக்கு விளங்கியது.

"கிளாரன்ஸு, அப்ப நமக்கு ஏது கவர்மெண்டு கரண்டு? தோட்டத்து இஞ்சின் கரண்டுதானே! பொழுது சாஞ்சு எல்லா வீட்லயும் லைட்டப் போட்டா பல்பு செவந்துரும். பெட்டிக்கும் மூச்சு முட்டும்."

கிளாரன்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ அண்ணி! கரண்டு பத்தாமத்தான் அது அப்படி அழுதுச்சு. நாம என்னமோ அண்ணன் கைவேலைன்னு இருந்தோம்!"

அழகேசன் சிரித்துவிட்டான். பெடலுக்குள் போட்டிருந்த புது பேட்டரியைக் கழற்றினான். பக்கத்து வீட்டு ராக்காயியின் குட்டி ரேடியோவில் சாகக் கிடந்த பேட்டரியைக் கேட்டு வாங்கிப் போட்டான். வெளியே நின்று கேட்டால்தான் தெரியும் என்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

கிளாரன்ஸ் பெடலை மிதித்தான். வந்துவிட்டது! அதே கரகரப்பு, அதே திணறல். கண்ணை மூடிக்கொண்டு, அண்ணன் எப்போதும் முதலில் வாசிப்பதை வாசித்தான் கிளாரன்ஸ்.

ஜெரார்டின் தலை திரும்பியது. வலக் கை மெல்ல எழுந்து, செத்துக் கிடந்த இடக் கையைப் பிடித்து நெஞ்சுமேல் தூக்கி வைத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இல்லாத கிதாரின் கழுத்தில் வைத்தார். விட்டதும் விரல்கள் மடங்கிக்கொண்டன. மறுபடியும் பிரித்தார், மறுபடியும் மடங்கின. வாசிப்பு போய்க்கொண்டே இருந்தது. அவர் கேதரினைப் பார்த்தார். அவள் யார், தான் யார், தன் கை என்ன ஆயிற்று, எல்லாம் தெரிந்த பார்வை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு வழிந்தது.

"நிப்பாட்டு" என்றார்.

கிளாரன்ஸின் கை நின்றது. கேதரின் கட்டிலோரம் மண்டி போட்டாள்.

"ஏங்க... இன்னொரு வார்த்த, ஏங்க."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச முடியாமல் கிடக்கவில்லை அவர். வாயைத் திறந்தால் கை போன இந்தத் துக்கம்தான் வரும் என்று இத்தனை நாள் இறுக்கி மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். பாவி, நான்தானே தோண்டி எடுத்தேன் என்று அவள் நொந்துகொண்டாள்.

வாசலில் அழகேசனுக்குக் குரல் மட்டும்தான் கேட்டிருந்தது. "பேசிட்டாரு! அண்ணன் பேசிட்டாரு!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினான். ராக்காயி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள், பின்னாலேயே இன்னும் நாலு பேர். வந்த வேகத்தில் கேதரினைக் கட்டிக்கொண்டாள்.

"அன்னம்மா கண்ணத் தொறந்துட்டா புள்ள! என்னா சொன்னாரு, என்னா சொன்னாரு?"

கிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு கிதாரின் வயரைச் சுருட்டினான். கேதரின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு, அக்கா" என்றாள்.

ராக்காயிக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் கொட்டியது. அடுத்த லயத்துக்குச் சொல்ல அப்படியே ஓடினாள்.